விரதத் தலைவலி என்று நினைத்தேன்

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு ஜூன் மாதம். மாண்ட்ரியலில் லாசால் பகுதியில் குடியிருந்தோம். அதே நகரத்தின் வில்லரே பகுதியில் ஒரு சின்ன கிளினிக்கில் நான் குடும்ப டாக்டர். சம்பவம் நடந்தது அங்கே இல்லை. பெரு நாட்டில், குஸ்கோ என்கிற மலை நகரத்தில், ஓர் அரை நாள் சுற்றுலாவில்.

அவ்வளவு தூரம் போனதற்குக் காரணம் என் மகளின் வீட்டுப்பாடம். பள்ளிக்கூடத்தில், பெருவை முன்பு ஆண்ட இன்காக்களைப் பற்றிப் பிரெஞ்சில் ஒரு பாடம். அட்டையில் அவர்களுடைய சூரியன் கோயிலைச் செய்துகொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். மகள் இரண்டாம் நாளே கைகழுவிவிட்டாள். உட்கார்ந்து முழுக்கச் செய்து முடித்தது என் மனைவிதான். சூரியனுக்குக் கோயிலாம், சுவரெல்லாம் தங்கத் தகடாம் என்று அன்றிலிருந்து வீட்டில் ஒரே பேச்சு. இருபதாவது கல்யாண நாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். நகை கேட்பாள் என்று பார்த்தால், "அந்தக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

கிளினிக் வரவேற்பில் மன்னாரைச் சேர்ந்த ஒரு பெண்மணி வேலை பார்த்தார். பிள்ளைகள் இரண்டு பேரையும் தன் வீட்டில் வைத்துக்கொள்வதாக அவரே சொன்னார். கூடவே, "டொக்டர், அங்கை காத்துக் குறைவாமே. போன உடனை அலையாதேங்கோ. ரெண்டு நாள் படுத்தெழும்பிப் போட்டுப் பேந்து சுத்திப் பாருங்கோ" என்றும் சொன்னார்.

"இங்க டாக்டர் யாரு, நீங்களா நானா?" என்று சிரித்தேன். எனக்கு அந்தக் கொழுப்பு கொஞ்சம் உண்டு.

வியாழக்கிழமை காலை குஸ்கோவில் போய் இறங்கினோம். அன்று இரவே அவளுக்குத் தலைவலி. தூக்கமே இல்லை. வெள்ளிக்கிழமை விடிந்ததும் வாந்தி எடுத்தாள். விமானச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, வெறும் வயிற்றில் பித்தம் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும். என் மனைவி வெள்ளிக்கிழமை விரதக்காரி. சாயங்காலம் விளக்கேற்றும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. அதனால் வாராவாரம் மத்தியானத்துக்கு மேல் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள். மாத்திரை கொடுத்தால் விரதம் முடியட்டும் என்பாள். இருபது வருஷமாக இதே கதைதான். எங்கள் வீட்டில் அதற்கு 'வெள்ளிக்கிழமைத் தலைவலி' என்று பெயரே வைத்திருந்தோம்.

"இங்க வந்துமா பட்டினி?" என்று கடிந்துகொண்டேன். "கோயிலுக்குப் போறோமே, இன்னிக்குப் போய் விடுவேனா?" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மத்தியானம் ஒரு மணிக்கு வேன் வந்தது. பன்னிரண்டு பேர். வழிகாட்டி அந்த ஊர்ப் பெண், முப்பது வயது இருக்கும், என் தோளுக்குக்கூட வரமாட்டாள். கிளம்புவதற்கு முன் ஒவ்வொருவரிடமும் தலை வலிக்கிறதா, வாந்தி வந்ததா, இரவு தூங்கினீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டே வந்தாள். என் மனைவி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன். இன்றைக்கு விரதம், அதனால் வரும் தலைவலி, வாராவாரம் வருவதுதான், நான் டாக்டர், பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அந்தப் பெண் என் மனைவியை ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டாள்.

முதலில் சூரியன் கோயில். இப்போது அது பாதிதான் கோயில். கீழே இன்காக்களின் கல் சுவர், அதன் மேலேயே பின்னால் வந்தவர்கள் கட்டிய கிறிஸ்தவ மடம். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் பிளேடு நுழையாது. என் மனைவி வாசலிலேயே குனிந்து ஷூவைக் கழற்றிவிட்டாள். அந்தக் குளிரில், அவ்வளவு வெள்ளைக்காரர்களும் ஷூவோடு நடக்கும்போது! கூட வந்த ஒன்றிரண்டு பேர் தங்களுக்குள் சிரித்தார்கள். எனக்கு மானம் போனது.

வெளியே வந்து ஷூவைப் போட உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. இடது ஷூவை வலது காலில் நுழைக்கப் பார்த்தாள். சரிசெய்து போட்ட பிறகு லேஸில் முடிச்சுப் போட வரவில்லை. நூலை நூலின் மேல் வைத்துக்கொண்டு அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? "சீக்கிரம் வாயேன், எல்லாரும் நமக்காக நிக்கிறாங்க" என்று பல்லைக் கடித்தேன். வழிகாட்டிப் பெண்தான் வந்து மண்டியிட்டு லேஸைக் கட்டிவிட்டாள். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அடுத்து, ஊருக்கு மேலே மலையில் இருக்கும் கோட்டை. ஒவ்வொரு கல்லும் வேனைவிட உயரம். எல்லோரும் வாய் பிளந்து நின்றோம். வழிகாட்டிப் பெண் எதையோ விளக்கிக்கொண்டிருந்தவள், பாதியில் பேச்சை நிறுத்திவிட்டு எங்களைத் தாண்டிப் பின்னால் ஓடினாள். திரும்பிப் பார்த்தேன். என் மனைவி சுவரைப் பிடித்துப் பிடித்து வந்துகொண்டிருந்தாள்.

தரையில் பெரிய கற்கள் சேருமிடத்தில் நேராக ஒரு கோடு ஓடியது. அதன் மேல் ஒரு காலின் குதிகாலை மறு காலின் விரலோடு ஒட்டி வைத்து நடந்து காட்டும்படி வழிகாட்டிப் பெண் என் மனைவியிடம் சொன்னாள். எனக்குச் சுர்ரென்று கோபம். குடித்துவிட்டு வண்டி ஓட்டியவனைப் போலீஸ்காரன் நடக்கச் சொல்கிற மாதிரி, இது என்ன கூத்து? நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி முதல் அடியை வைத்தாள். இரண்டாவது அடியில் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. மூன்றாவதில் விழுந்தே இருப்பாள். அந்தப் பெண் தாங்கிப் பிடித்தாள்.

எனக்குத் திக்கென்றது. அது நானே நோயாளிகளுக்குச் செய்கிற சோதனை. உயரமான இடத்தில் மூளை நீர் கோத்து வீங்கினால் முதலில் நடை போகும், பிறகு நினைவு போகும், கீழே இறக்காவிட்டால் ஆளே போகலாம். படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன்.

அப்போதும் மனசு ஒப்பவில்லை. ஓடிப்போய் அவள் முகத்தைப் பிடித்து, "விரதம் இருக்கறதாலதான் தள்ளாடுது, இல்ல?" என்று கேட்டேன். இல்லை, கெஞ்சினேன்.

என்னைப் பார்த்துச் சிரித்தாள். "விரதமா? யாரு? இப்பத்தானே இட்லி சாப்பிட்டோம்" என்று குழறினாள்.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மரமாக நின்றேன். அந்தப் பெண் டிரைவரை நோக்கிக் கத்த, அவர் வேனிலிருந்து சின்ன ஆக்சிஜன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். இன்னும் மூன்று இடம் பாக்கி இருக்கிறதே என்று ஒருவர் முணுமுணுத்தார். இந்தக் கற்கள் நாளைக்கும் இருக்கும், இந்த அம்மா இருப்பாரா என்று எனக்குத் தெரியாது என்று வழிகாட்டிப் பெண் அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வேனைத் திருப்பச் சொன்னாள்.

குஸ்கோ மருத்துவமனையில் ஓர் இளம் டாக்டர் ஊசி போட்டார். இங்கே வைத்திருக்க முடியாது, உடனே இன்னும் கீழே இறக்குங்கள் என்றார். தலைவலி எப்போதிலிருந்து, வாந்தி எப்போது, தண்ணீர் எவ்வளவு குடித்தார் என்று ஸ்பானிஷில் கேட்டார். வழிகாட்டிப் பெண் எனக்கு மொழிபெயர்த்தாள். கடைசியாக அவர் ஒன்று கேட்டதும் அவள் தயங்கினாள். என்ன என்று வற்புறுத்தினேன். இதை விரதத் தலைவலி என்று யார் சொன்னது என்று கேட்கிறார் என்றாள்.

"நான்தான். நானும் டாக்டர்" என்றேன். அந்த அறையில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

கீழே பள்ளத்தாக்கில் இருந்த ஓர் ஊருக்கு ஒன்றரை மணி நேரக் கார்ப் பயணம். பாஷை தெரியாத எங்களைத் தனியே விட மனமில்லாமல் வழிகாட்டிப் பெண்ணும் கூடவே வந்தாள். முன் சீட்டிலிருந்து திரும்பித் திரும்பி, உன் பிள்ளைகள் பேர் என்ன என்று என் மனைவியைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். மகளின் பெயருக்குப் பதில் என் மனைவி தன் தங்கை பெயரைச் சொன்னாள். மகனைப் பற்றிக் கேட்டால் பேச்சே இல்லை. நான் ஆக்சிஜன் குழாயைப் பிடித்துக்கொண்டு, கும்பிட்டுப் பழக்கமே இல்லாத சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். இவள் இப்படியே இருந்துவிட்டால் பிள்ளைகள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

வளைந்து வளைந்து இறங்கினோம். வெயில் மலை உச்சிக்குப் போன நேரம். அந்தப் பெண் இருபதாவது தடவையாகவோ என்னவோ கேட்டாள். என் மனைவி இரண்டு பெயரையும் சரியாகச் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏங்க அழறீங்க?" என்றாள். போன உயிர் திரும்பி வந்தது எனக்கு.

அந்த ஊர் மருத்துவமனை வாசலில் அந்தப் பெண்ணைக் கையெடுத்துக் கும்பிட்டேன். அவளோ என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்! பயணிகளின் முகத்தைவிடக் காலைத்தான் கவனிப்பாளாம். தள்ளாட்டம் அங்கேதான் முதலில் தெரியுமாம். கோயில் வாசலில் ஷூ போடத் தெரியாமல் முழித்தபோதே சந்தேகம் வந்ததாம். டாக்டர் பக்கத்திலேயே இருக்கிறாரே, அவருக்குத் தெரியாததா என்று பேசாமல் இருந்துவிட்டாளாம். என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மாண்ட்ரியல் திரும்பி ஒரு மாதம் இருக்கும். என் மனைவி பூரணமாகத் தேறிவிட்டாள். வீட்டுக்கு வந்த நண்பர்களிடம் நான் இந்தக் கதையை விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்கள் போன பிறகு, தட்டுகளை எடுத்துக்கொண்டே அவள் கேட்டாள்.

"நான் உங்க கிளினிக்குக்கு வந்த யாரோ ஒரு பொம்பளையா இருந்திருந்தா, அன்னிக்குக் காலைலயே கண்டுபிடிச்சிருப்பீங்க, இல்ல?"

குரலில் கோபம் இல்லை. சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். வாந்தியோடு தலைவலி என்று முன்பின் தெரியாதவர் யார் வந்திருந்தாலும் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்திருப்பேன், நடக்க வைத்திருப்பேன், நாலு கேள்வி கேட்டிருப்பேன். இவளிடம் ஒரே ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. வேறொருத்தி கேட்டபோதும் இவளைப் பதில் சொல்ல விடவில்லை. இருபது வருஷம் கூடவே இருந்ததால் இவளைப் பற்றி எல்லாம் தெரியும் என்ற அந்த நினைப்புதான் இவள் உயிருக்கு உலை வைக்கப் பார்த்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு பதறுகிறது.