எல்லோ ஸ்மால் ஃபிராக்

சென்னையை அடுத்த கோவளத்தில் ஓட்டல் வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலையில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். ஆங்கிலத்தில் அளவைச் சொல்லிவிட்டுத்தான் நிறத்தைச் சொல்ல வேண்டும் என்பதைப் புரியவைப்பது பெரும்பாடு. தமிழில் எப்படிச் சொன்னாலும் சரிதானே. ரிசார்ட்டில் அறை சுத்தம் செய்யும் ஒரு பெண், எத்தனை முறை திருத்தினாலும் நிறத்தைத்தான் முதலில் சொல்வாள்.

ஒரு நாள் அவள் தாமதமாக வந்தாள்.

"இன்னிக்கு ஒரே பேஜாரா பூட்ச்சு மிஸ். ரிசார்ட்ல தங்கியிருந்த வெள்ளக்காரம்மாவோட கொழந்தய காணோம். அவங்க அழுதுகினே கீறாங்க. நான் பீச்சாண்ட ஓடி, பாக்கற ஃபாரினர் எல்லாரையும் 'பேபி, எல்லோ ஸ்மால் ஃபிராக், யூ ஸீ?'ன்னு கேட்டேன். ஒருத்தர் படகாண்ட கைய காட்டினாரு. அங்க மண்ணுல வெளாடிகினு இருந்துச்சு."

வகுப்பே கைதட்டியது. அவள் உட்காரவில்லை.

"ஆனா தப்பா சொல்லிட்டேன்ல மிஸ்?"

"தப்புதான். 'ஸ்மால் எல்லோ'ன்னு வரணும்."

"ரிசப்ஷன் வேலைக்கு இன்டர்வியூ வருது. அங்க கரெக்டா சொல்லணும்."

அன்று வகுப்பு முடியும்வரை அறையிலிருந்த பை, குடை, நாற்காலி எல்லாவற்றையும் அளவு, நிறம் என்ற வரிசையில் சொல்லிப் பார்த்தாள். நாற்காலிக்கு மட்டும் மறுபடி நிறம் முந்திக்கொண்டது. இன்டர்வியூவில் தேறிவிட்டாள். இப்போது புடவை கட்டிக்கொண்டு ரிசப்ஷனில் நிற்கிறாள்.