இருபத்து மூன்றாவது மோட்டார் சைக்கிள்

1991 ஜூன் 16, ஞாயிறு, மாலை நான்கு முப்பத்தைந்து. லண்டன் நோர்பரியில் தூறல். எங்கள் அண்ணை கராஜ் வாசலில் ஒரு பழைய மோட்டார் சைக்கிளைப் பிடித்தபடி என் சொல்லுக்காகக் காத்து நின்றார். அவரது ஆண்டுத் திவசத்துக்கு வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்லியாக வேண்டியது அந்த மாலையைத்தான்.

அண்ணை சாவகச்சேரியில் பிறந்தவர். எங்கள் தகப்பனார் இறந்ததும் எட்டாம் வகுப்போடு நின்று, சைக்கிள் கடையில் உழைத்து, என்னைப் பதினொரு வருடம் படிப்பித்தார். 1984இல் லண்டன் வந்து பெற்றோல் நிலையத்தில் வேலை செய்தார். அவர் வாடகைக்கு எடுத்த கராஜின் பரணில் ஒரு பதிவேடு கிடந்தது. முதலாம் உலகப் போருக்கு முன் அதே இடத்தில் ஒருவர் மோட்டார் சைக்கிள்கள் செய்திருக்கிறார். மொத்தம் இருபத்து மூன்று. அதன்பின் ஏடு வெறுமை.

அந்தச் சிறு கம்பனியின் வரலாற்றை அண்ணை நாற்பத்தெட்டுப் பக்கம் எழுதினார். கடைசி வண்டியைச் சட்டன் என்ற ஊரில் ஒரு கொட்டிலுக்குள் துருவாய்க் கண்டு, வாங்கித் திருத்தினார். ஏன் இருபத்து மூன்றோடு நின்றது என்பது மட்டும் தெரியவில்லை. அறிந்தவர் ஒருவரே: முதலாளியின் மகள், தொண்ணூறு வயது, முதியோர் இல்லத்தில் இருந்தார். "முதலில் அந்த எஞ்சின் பேசட்டும், பிறகு நான் சொல்கிறேன்" என்றாராம். அன்று வாடகை வான் வண்டியில் வந்து, சக்கர நாற்காலியில் குடையின் கீழ் இருந்தார்.

நான் பஞ்சாங்கத்தைத் திறந்தேன். ஞாயிறு நாலரை முதல் ஆறு வரை ராகுகாலம்.

"ஆறு மணி மட்டும் பொறுங்கோ அண்ணை. முதன்முதல் உதைக்கிற எஞ்சின்."

"அந்த மனிசி குளிருக்க இருக்கிறா தம்பி. வெள்ளைக்காரன்ர மோட்டார் சைக்கிளில ராகுவுக்கு என்ன கோபம்?"

"ஏதும் நடந்தா நான் பொறுப்பில்லை."

அண்ணை சிரித்தார். "சரி, படிச்சவன் நீ சொல்லுறாய்."

ஐந்தரைக்கு வான் சாரதி மணிக்கூட்டைக் காட்டினார். இன்னும் ஒரு மணித்தியாலம் நிற்கப் பன்னிரண்டு பவுண் கேட்டார். அண்ணையின் கை சட்டைப்பைக்குப் போனது. "அநியாய விலை. அடுத்த ஞாயிறு கூப்பிடுவம்" என்று நான் தடுத்தேன். அந்த அம்மா கையசைத்துவிட்டுப் போனார். ஆறு ஐந்துக்கு, மூன்றாம் உதையில் எஞ்சின் முழங்கியது. கேட்டவர்கள் நாங்கள் இருவர். வியாழக்கிழமை அந்த அம்மா காலமானார்.

அடுத்த மாதம் கோவில் ஐயர் விளக்கினார்: ஊர்க் கணக்கு இங்கே சரிவராது, இங்கத்தைய பகற்பொழுதை எட்டால் பிரிக்க வேண்டும். பிரித்துப் பார்த்தேன். அன்று லண்டனில் ராகுகாலம் தொடங்கியதே ஏழேகாலுக்குத்தான். அதை அண்ணையிடம் நான் ஒருநாளும் சொல்லவில்லை. அவரும் ஒரு சொல் குறை கூறவில்லை. கடைசி நாட்களில், ஆஸ்பத்திரிக் கட்டிலில், "நாற்பத்தொன்பதாம் பக்கத்தை வெறுமையா விடு தம்பி" என்று மட்டும் சொன்னார்.

அண்ணையைப் பராமரித்த தாதியருக்கும், அண்ணிக்கு முப்பத்தொரு நாளும் சோறு கொண்டுவந்த அயலவருக்கும் எங்கள் நன்றி. அண்ணை எழுதியதை இந்த நினைவு மலரின் பின்பகுதியில் அச்சிட்டிருக்கிறேன். கடைசிப் பக்கத்தில் எதுவும் இல்லை. அதன் விலை பன்னிரண்டு பவுண்.