எறும்பு வராத கோலம்

பால்கனித் தரையில் அரிசி மாவால் கோலம் என்ற பெயரில் சில கோணல் கோடுகள் இழுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு இத்தாலிக்கார அம்மா, சிஞ்ஞோரா, எட்டிப் பார்த்து, "ஃபொர்மீக்கே?" என்றார். எறும்புக்கா என்று கேட்கிறார். ஆமாம் என்பதற்கு "சி, சி" என்றேன். "ப்ராவோ!" என்று மெச்சிவிட்டு உள்ளே போனவர், எறும்புக்கொல்லி டப்பா ஒன்றோடு திரும்பி வந்தார். என் மாவைவிட அது நன்றாகக் கொல்லுமாம். நான் எறும்புக்குச் சோறு போடுகிறேன் என்று சொல்லும் அளவுக்கு எனக்கு இத்தாலி மொழி போதாது. நன்றி சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன். அவர் கதவைச் சாத்துவதற்குள் எறும்புகள் வந்துவிட்டன. இதுவும் எங்கள் ஆம்பூர் போலத் தோல் ஊர்தான். நானும் இங்கே தோல் பதனிடும் தொழிற்சாலையில்தான் வேலை பார்க்கிறேன். இங்கே எறும்பு வந்ததைப் பார்த்ததும் போனைத் தேடி எடுத்தேன்.

காரணம் ஒரு புத்தகம். போன முறை ஊருக்குப் போயிருந்தபோது வேலூர் பஸ் ஸ்டாண்டில் வாங்கினேன். ஒடுகத்தூர்ப் பக்கத்துப் பெண்மணி ஒருவர் எழுதிய இயற்கைக் கட்டுரைகள். புலி, யானை எதுவும் கிடையாது. ஓர் இடத்தில் போய் உட்காருவார். என்ன வருகிறதோ அதை எழுதுவார். கடலைக்காட்டில் மைனா மண்ணைக் கிளறுவதற்கே ஒரு முழுப் பக்கம். ஓணான் தலையாட்டுவதை அவர் எழுதிப் படித்தால் நமக்குக் கழுத்து வலிக்கும். எதையும் அழகு என்று புகழ மாட்டார், யாரையும் திட்டவும் மாட்டார். வேலை முடிந்து பஸ்ஸில் அவரைப் படித்துக்கொண்டே வந்து, இறங்கும் இடத்தை எத்தனையோ முறை விட்டிருக்கிறேன்.

அதில் ஒரு கட்டுரை மட்டும் வேறு மாதிரி. ஆம்பூருக்கு வெளியே, தோல் கழிவு இறங்கிய பாலாற்றங்கரையில் ஒரு காலி மனை. காலையில் அங்கே அரிசி மாவுக் கோலம் போட்டுவிட்டுப் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருக்கிறார். எறும்பு வரவில்லை. அணில் வரவில்லை. போட்ட கோலம் போட்டபடியே இருந்தது என்று எழுதி, அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லாமல் முடித்துவிட்டார். மனைக்குப் பக்கத்தில் டிரான்ஸ்பார்மர், தூர்ந்த கிணறு, பாதி இடிந்த மதில். இன்னொரு முறை படித்துப் பார்த்தேன். அது என் மனை. திரும்பிப் போய் வாழ்வதற்கென்று நான் வாங்கிப் போட்டிருப்பது. வருகிற வெள்ளிக்கிழமை அங்கே பூமி பூஜை.

அதன் பிறகுதான் பால்கனிக் கோலமெல்லாம். தோல் ஊர் எதிலுமே எறும்பு வராதோ என்று சோதித்துப் பார்க்கத்தான். இங்கே எறும்பு வந்ததும் அக்காவைக் கூப்பிட்டேன். மனைக்கு அடுத்த தெருவில்தான் அவள் வீடு. மனையில் ஒரு கோலம் போட்டுப் பார் என்றதும், "இன்னாடா உன்னோட பேஜாரு" என்று சலித்துக்கொண்டே போட்டாள். சாயங்காலம் வீடியோவில் காட்டினாள். ஒரு புள்ளிகூடக் கலையவில்லை.

"எந்த மாவுக்கா?"

"கடையில விக்கிற கோலமாவுதான். வேற எது போடுவாங்க?"

"அது கல்லு மாவு. எறும்பு எப்படித் தின்னும்?"

இருவரும் சிரித்தோம். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மறுநாள் அரிசியை மிக்சியில் அரைத்துப் போட்டாள். சாயங்காலம் பார்த்தால் வெள்ளைக் கோடுகள் அப்படியே இருந்தன. அன்று அவள் சிரிக்கவில்லை.

"பூஜைய நிறுத்திடுக்கா. அங்க மனுஷன் இருக்க முடியாது" என்றேன்.

அக்கா போனை அணைக்காமலே வீட்டுக்கு நடந்தாள். மீந்த மாவைத் தன் வாசலில் தூவிவிட்டுப் படியில் உட்கார்ந்தாள். வெகுநேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்கயும் எறும்பு வந்து ரொம்ப நாளாச்சுடா. கல்லு மாவு போடறோமே, அதனாலன்னு நெனச்சினு இருந்தேன்."

போனை முகத்துக்கு நேராகத் திருப்பினாள்.

"நீ மனைய வித்துடுவ. நாங்க எங்கடா போறது?"

உள்ளே மாமா போர் மோட்டாரைப் போட்டார். தொட்டியில் அந்த மண்ணுக்கடித் தண்ணீர் விழும் சத்தம் இங்கே என் அறை முழுக்கக் கேட்டது. அது நிரம்பும்வரை அக்காவும் நானும் கேட்டுக்கொண்டிருந்தோம்.