புல்லுக்குள் சொல்லக்கூடாத பெயர்

எங்கள் தீவில், டத்தோ கிராமாட்டில் நாங்கள் மாடு வளர்த்த காலத்தில் தண்ணீர்மலை அடிவாரத்தில்தான் புல் அறுப்போம். புல்லுக்குள் இறங்கிவிட்டால் புலி என்ற சொல்லை யாரும் எடுக்கமாட்டோம். 'பெரியவர்' என்போம். மலாய்க்காரர்கள் 'டத்தோ' என்பார்கள், தாத்தா என்று அர்த்தம். அவர்களிடமிருந்துதான் இந்த வழக்கம் எங்களுக்கு ஒட்டியது. பெயரைச் சொன்னால், கூப்பிட்டதாக நினைத்து வந்து நிற்குமாம். புருஷன் பெயரையும் சொல்லக்கூடாது, புலி பெயரையும் சொல்லக்கூடாது. இரண்டில் எது அதிகம் கடிக்கும் என்பது கட்டிக்கொண்டவளுக்குத்தான் தெரியும்.

ஒரு நாள் பக்கத்து மாட்டுக்கொட்டகைக்காரர் புல்லுக்குள் நின்று எங்களை மறித்தார்.

"வராதீங்க தங்கச்சி! புலி வந்திருக்கு. அக்கரையில தாசேக் கெலுகோர் காட்டுலருந்து கடல நீந்தி வந்த புலி. இந்த இடத்துலதான் படுத்திருந்துச்சு. எம்மாம் பெரிய புலி!"

அரிவாளையும் சாக்கையும் தூக்கிக்கொண்டு பெண்கள் எல்லோரும் ஓடி வந்துவிட்டோம்.

அப்போது என் பசு கன்று ஈன்றிருந்தது. புல்லுக்குப் போகப் பயந்து, பசார் சந்தையில் பொறுக்கிய கோசு இலையைத்தான் போட்டேன். அதைத் தின்று எத்தனை நாள் பால் சுரக்கும்? மடி வற்றியது. கன்று முட்டி முட்டிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. பக்கத்துக் கொட்டகை மாடுகள் மட்டும் எண்ணெய் தடவியதுபோல் மின்னின.

கன்றின் தலையை மடியில் வைத்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. உண்மையில் பார்த்தவன் அதே புல்லில் நின்று புலி, புலி என்று கத்துவானா? நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளாதா?

விடிந்ததும் போனேன். புலி படுத்திருந்ததாகச் சொன்ன அதே இடத்தில் அவர் உட்கார்ந்து, சுகமாகப் பாட்டு முணுமுணுத்தபடி புல் அறுத்துக்கொண்டிருந்தார். நான் மூங்கில் புதருக்குப் பின்னால் நின்று மெல்லச் சொன்னேன்.

"அண்ணே, அசையாதீங்க லா. பெரியவர் உங்க முதுகுக்குப் பின்னால நிக்கிறாரு."

அரிவாள் கீழே விழுந்தது. "எ... எங்க தங்கச்சி?"

"பேரச் சொல்லட்டுமா?"

"ஐயோ, சொல்லாத தாயி, சொல்லாத!"

"ஏன்? அன்னைக்கு வாய் நெறைய சொன்னீங்களே!"

திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடினார். அவர் அறுத்த புல்லுக்கட்டை என் தலையில் ஏற்றிக்கொண்டு வந்தேன். பசு தின்றது. பாலும் இறங்கியது. கன்றுக்குத்தான் வாய் திறக்கவில்லை. மறுநாள் அதைப் புதைத்தோம்.

அதன்பிறகு அவர் எங்கள் வாசலைக் கடக்கும்போதெல்லாம் பசுவின் முதுகைத் தட்டி, "பாரும்மா, பெரியவர் போறாரு" என்று தெருவுக்கே கேட்கச் சொல்வேன். அவர் தலை குனிந்து போவார். நான் ஒரு நாளும் விட்டதில்லை.