ஊசி வேண்டாம் என்ற வீரன்

பிள்ளைகளே, போன செவ்வாய்க்கிழமை எனக்குப் பொறாமை வந்தது. அதுவும் சொந்த மச்சான் மேல்!

என் மகள் ரைஹானாவுக்கு ஒன்பது வயது. கடைவாய்ப் பல் சொத்தை. கன்னம் வீங்கி, மூன்று நாளாகக் கஞ்சி மட்டும்தான். கண்டிக்குப் போய்ப் பல் டாக்டரிடம் காட்டுவோம் என்றால், அலுமாரிக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறாள்.

இந்தப் பயத்தை யார் ஊட்டியது? வேறு யார்... நான்தான்!

என் கலியாணத்துக்கு முந்திய வருஷம் எனக்கும் ஒரு பல் பிடுங்கினார்கள். அப்போது எங்கள் ஊருக்குப் பஸ் ஏது? மாட்டுக்கரத்தையில் கண்டிக்குப் போனேன். "மரத்துப்போக ஊசி போடவா?" என்று டாக்டர் கேட்டார். மரத்துப்போவதும் போதைதானே, போதை ஹராம் அல்லவா — இப்படி நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, வேண்டாம் என்றேன். மூன்று பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் வீட்டில் அதை வீரக்கதையாக்கி, பெருநாளுக்குப் பெருநாள் சொல்லிவந்தேன். குறடு, இரத்தம், எல்லாம் விவரமாக! கேட்டு வளர்ந்த பிள்ளை வேறு என்ன செய்யும்?

அன்று காலை என் மனைவியின் தம்பி காசிம் கட்டுகஸ்தோட்டையிலிருந்து வந்தான்.

"என்ன மகள், கன்னத்துக்குள்ள பணியாரமா?"

அவள் சிரித்துவிட்டாள்! மூன்று நாள் கெஞ்சியும் நான் காணாத சிரிப்பு.

"எனக்கும் போன மாசம் புடுங்கினாங்க. பல்லடி முரசுல ஒரு ஊசி. எறும்பு கடிச்ச மாதிரி ஈக்கும். பொறகு ஒண்டும் தெரியாது."

"அது போதை" என்று குறுக்கே விழுந்தேன்.

"போங்க மச்சான்! பள்ளிவாசல் லெப்பைக்கிட்ட கேட்டுத்தான் போனேன். அவரே ரெண்டு பல்லு ஊசி போட்டுத்தான் புடுங்கியிருக்கார். நீங்க யார்ட்ட கேட்டீங்க?"

யாரிடம் கேட்டேன்? அடுப்படியில் என் மனைவி சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

அன்றே காசிமையும் கூட்டிக்கொண்டு கண்டிக்குப் போனோம். பல் டாக்டர் நல்ல மனிதர். மிகவும் பயந்தவர்களுக்கு மூக்கில் வாயு கொடுத்துக் கொஞ்ச நேரம் தூங்க வைக்கிற முறையும் உண்டாம். இவளுக்கு ஊசியே போதும் என்றார். வாய்விட்டுக் கேளுங்கள் பிள்ளைகளே, கேட்டால்தான் தெரியும்.

அறை வாசலில் நான் கையை நீட்டினேன்.

"நீங்க வேணாம் வாப்பா. மாமா வரட்டும்."

நான் வெளியே கதிரையில் உட்கார்ந்திருந்தேன். வாப்பா நான் இருக்க, மாமாவா வேண்டும்? உண்மையைச் சொல்கிறேன்... உள்ளேயிருந்து ஓர் அழுகைச் சத்தம் வந்தால் நல்லது என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அல்லாஹ் மன்னிக்கட்டும்!

சத்தமே வரவில்லை. உதடு மரத்து, எச்சில் வடிய அவள்தான் வந்தாள்.

"நோவவே இல்ல வாப்பா! ஒங்களுக்கு மட்டும் ஏன் நொந்திச்சி?"

காசிம் என்னைக் காட்டிக்கொடுக்காமல் கூரையைப் பார்த்தான். அந்தப் பெருந்தன்மையும் எனக்கு எரிந்தது.

"டாக்டர் ஊசி போடவா எண்டார் மகள். நான்தான் வேணாம் எண்டேன். பொறகு... அழுதேன்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒங்கட அடுத்த பல்லுக்கு நான் கூட வாறன் வாப்பா."

"எனக்கு வரமாட்டியா மகள்?" என்றான் காசிம்.

"ஒங்களுக்குத்தான் பயமில்லியே மாமா!"

மச்சானின் முகத்தைப் பார்த்தேன். பொறாமை எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாதா என்ன?