கட்டுப் போடாத தலை

போன வாரம் செவ்வாய்க்கிழமை பலாபத்வல பார்மசியில் ஒரு பேண்டேஜ் வாங்கினேன். கவுன்டரில் நின்ற மிஸ் கேட்டார்:

"யாருக்கு ஐயா அடி?"

"எனக்குத்தான்."

"எங்க?"

"தலையில."

என் தலையை இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். "எப்ப பட்டது?"

"மூணு மாசத்துக்கு முந்தி."

பேண்டேஜைப் பையில் போடும்போதும் ஓரக்கண் என் மேல்தான் இருந்தது. அவர் மேல் குற்றமில்லை. விஷயத்தைச் சொல்கிறேன்.

என்னை உங்களுக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஒரே ஒரு ஹோன் ஸ்பீக்கரோடு தொழிலுக்கு வந்தவன். இன்றைக்குப் பன்னிரண்டு பெரிய ஸ்பீக்கர் பொக்ஸ், இரண்டு லொறி. மாத்தளைக்கும் நாவுலைக்கும் இடையில் என் சவுண்ட் கேட்காத கல்யாணம் உண்டா? இருந்தால் அது ஓடிப்போய்ச் செய்த கல்யாணமாக இருக்கும்.

நாவுலையில் ஒரு மண்டபத்துக்குச் சாமான் இறக்கும்போது லொறியின் பின்பலகையில் கால் வழுக்கியது. பின்மண்டை போய் ஒரு பொக்ஸின் மூலையில் பட்டது. என் பொக்ஸ்தான். நல்ல உறுதி — பலகை பார்த்து நானே செய்வித்தது.

கொஞ்ச நேரம் எங்கே இருக்கிறேன் என்றே எனக்குத் தெரியவில்லையாம். ஆனாலும் அந்தக் கல்யாணத்தை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதைப் பெருமையாகச் சொன்னபோது டொக்டர் மெச்சவில்லை. "அதுதான் நீங்க செஞ்ச முதல் பிழை" என்றார்.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை. இரத்தம் இல்லை, வெடிப்பு இல்லை. மூளை குலுங்கியிருக்கிறது, அவ்வளவுதான். பலருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும், சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும் என்றார்.

என்னுடையது இழுக்கிற ரகம்.

வெயிலைப் பார்த்தால் கண்ணுக்குள் ஊசி. பஸ் வளைவில் திரும்பினால் வயிறும் கூடவே திரும்புகிறது. பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு சொல் காணாமல் போகும். ஒருநாள் மனைவியிடம், "அந்த... தண்ணி குடிக்கிற... அது" என்று கையை ஆட்டினேன். தம்ளர் கையில்தான் இருந்தது. பெயர்தான் இல்லை!

எல்லாவற்றையும்விட மோசம், சத்தம். சமையலறையில் கரண்டி விழுந்தால் என் தலைக்குள் இடி விழுகிறது. சத்தத்தை விற்றே வீடு கட்டியவனுக்கு இது எப்படி இருக்கும்?

சமாளிக்கிறேன். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, பகலில் இரண்டு தரம் ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுக்கை. போன் திரையைப் பார்ப்பதில்லை. இந்தப் பத்திரிகைப் பத்தியைக்கூட ஒரு நாளைக்குப் பத்து வரியாகத்தான் எழுதுகிறேன். நடுவில் ஒட்டுத் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் பரவாயில்லை. ஆட்களைச் சமாளிப்பதுதான் கஷ்டம்.

நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தின் கோவிலில் திருவிழா நெருங்கியது. முப்பத்தொரு வருடமாக அங்கே மிக்ஸருக்கு முன்னால் நான்தான். இந்த முறை மருமகன் வருவார், நான் வரமுடியாது என்று சொல்லி அனுப்பினேன். கமிட்டித் தலைவர் சுப்பிரமணியம் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"என்ன மணியண்ணே, தம்புள்ளையில பெரிய கல்யாணம் ஒன்னு புடிச்சிட்டீங்களாமே?"

"யாரு சொன்னது? எனக்குத் தலை சரியில்ல தலைவரே."

"தலைக்கு என்ன? நல்லாத்தானே இருக்கு. முகம்கூட கொஞ்சம் பூசினாப்ல..."

"உள்ளுக்குள்ள அடி."

"உள்ளுக்குள்ளன்னா நாங்க எப்படிண்ணே பாக்கிறது?" சிரித்துக்கொண்டே எழுந்து போனார்.

மறுநாளே தோட்டத்து லய வீடுகள் பக்கம் பேச்சு: மணியண்ணே பெரிய இடத்தைக் கண்டதும் அம்மனை மறந்துட்டாரு.

என்னை முரடன் என்பார்கள், பெருமைக்காரன் என்பார்கள். இரண்டும் உண்மை, நான் மறுத்ததில்லை. ஆனால் பொய் சொல்லி வேலையில் இருந்து நழுவியவன் என்று இந்த மாவட்டத்தில் ஒருவரும் சொன்னது கிடையாது. முப்பத்தொரு வருடப் பெயர், கண்ணுக்குத் தெரியாத ஓர் அடியால் போவதா?

அதனால்தான் பேண்டேஜ்.

சுற்றிவிட்டது என் மனைவி ராஜேஸ்வரி. "வெக்கமா இல்லயா உங்களுக்கு?"

"இருக்கிற அடிக்குத்தானே கட்டுறேன்? இது உண்மைதானே?"

"அப்ப கொஞ்சம் இறுக்கியே கட்டுறேன், உண்மை வெளியில வந்துறாம."

கட்டோடு கோவில் பக்கம் ஒரு நடை போய் வந்தேன். அவ்வளவுதான்! சாயங்காலத்துக்குள் வீட்டில் மூன்று பால்மா பெட்டி, ஒரு பை அப்பிள், பிஸ்கட். சுப்பிரமணியமும் வந்தார். "ஐயோ, இவ்வளவு பெரிய அடின்னு ஒரு வார்த்தை சொல்லலயேண்ணே!"

மூன்று மாதமாக நான் சொன்னதை நம்பாதவர்கள், மூன்று முழத் துணியை ஒரு நிமிடத்தில் நம்பினார்கள். எனக்கு நல்ல திருப்தி.

புதன்கிழமை காலை நேசமலர் டீச்சர் வந்தார். ஓய்வு பெற்றவர், என்னைவிட மூத்தவர், வீடு கோவிலுக்குச் சரியாகக் கீழே. உள்ளே வந்ததும் யாரும் சொல்லாமலே ஜன்னலைப் பாதி சாத்தினார். நாற்காலியை இழுக்காமல் தூக்கி வைத்தார். மெதுவாகத்தான் பேசினார்.

"வெளிச்சம் குத்துதா தம்பி?"

"எப்படி டீச்சர் தெரியும்?"

"எனக்கு ஒன்றரை வருஷம் குத்துச்சே. பஸ்காரன் பிரேக் போட்டு, முன்கம்பியில தலை அடிபட்டுச்சு... மறந்துட்டீங்களா?"

மறந்துதான் போயிருந்தேன். டீச்சர் பிளாஸ்கில் இருந்து கொத்தமல்லித் தண்ணீரை ஊற்றி என் கையில் கொடுத்தார். பிறகு என் கட்டைப் பார்த்தார்.

"எனக்கு அப்ப கட்டுப் போடத் தோணல பாருங்க."

குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் சங்கடம்.

டீச்சர் போன பிறகு முழுவதும் ஞாபகம் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன், திருவிழா முதல் நாள். கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு மேடேறி வந்தார். தன் வீட்டைப் பார்த்திருக்கும் ஹோனை மட்டும் கொஞ்சம் திருப்பச் சொன்னார், தலை தாங்கவில்லை என்றார். நான் கேட்டேன்: "எங்க டீச்சர், தலையைக் காட்டுங்க பாப்போம். ஒரு கீறல்கூட இல்லயே!"

கையில் மைக் இருந்தது. அணைக்கவில்லை. தோட்டமே சிரித்தது. இன்னொரு சிரிப்புக்காக வொலியூமை ஒரு புள்ளி கூட்டினேன். மூன்று நாளும் அந்த ஹோன் அவருடைய ஜன்னலைப் பார்த்தே பாடியது.

புதன்கிழமையே கட்டை அவிழ்த்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை, கொடியேற்றத்துக்கு முன், தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகப் போய் மருமகனிடம் மைக்கை வாங்கினேன்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. எனக்குத் தலையில காயம் இல்ல. கட்டு, நீங்க நம்பணும்னு போட்டது. ஆனா அடி இருக்கு. நேசமலர் டீச்சருக்கும் இதே அடிதான் இருந்துச்சு. அன்னைக்கு இதே மைக்குல அவங்களைப் பாத்து நான் சிரிச்சது தப்பு."

கூட்டத்தில் ஒரு பெண், "அப்ப அந்த பால்மா?" என்றார். நியாயமான கேள்வி. மைக்கை மருமகனிடம் திருப்பிக் கொடுத்தேன்.

நம்பியவர்கள் பாதி. இப்போது எல்லாமே நடிப்பு என்கிறவர்கள் பாதி. சுப்பிரமணியம் எந்தப் பாதி என்று இன்னும் சொல்லவில்லை. பெயர் போன மாதிரியும் இருக்கிறது, போகாத மாதிரியும் இருக்கிறது. தலையைப் போலத்தான், இழுக்கும் போலிருக்கிறது.

கீழ்ப்பக்க ஹோனைக் கழற்றச் சொல்லிவிட்டு, மேளம் தொடங்கும் முன் இறங்கி டீச்சர் வீட்டுக்குப் போனேன். ஜன்னலைச் சாத்திவிட்டு இருவரும் உட்கார்ந்திருந்தோம்.

"கேக்குதா டீச்சர்?"

"கேக்குது தம்பி. இடிக்கல."

இனிமேல் யாராவது தலை வலிக்கிறது என்று மேடேறி வந்தால், நான் அவருடைய தலையைப் பார்க்கப் போவதில்லை. வொலியூம் குமிழைத்தான் பார்ப்பேன்.

குறைத்தாலும் என் சவுண்ட் மாதிரி வராது... அது வேறு விஷயம்!