முக்காடு போட்டுப் பறந்தவள்

தஞ்சாவூரில் கல்லூரி விடுதியில் எங்கள் அறையில் ஐந்து பேர். மற்ற நால்வரின் அப்பாக்களும் சாயங்காலம் வீடு திரும்புவார்கள். என் அத்தா மட்டும் துபாயிலிருந்து இரண்டு வருடத்துக்கு ஒருமுறை திரும்புவார். மற்றபடி எங்களுக்குள் வித்தியாசம் கிடையாது. ஐந்து பேருக்கும் ஒரே பைத்தியம், மாதாமாதம் பஸ் ஸ்டாண்டு கடைக்கு வரும் காமிக்ஸ் இதழ். யார் முதலில் படிப்பது என்று முடியைப் பிடித்துச் சண்டை போட்டிருக்கிறோம்.

படித்ததும் ஆசிரியருக்கு ஒரு கார்டு போடுவது அறை வழக்கம். கையெழுத்து அழகாக இருக்கும் ஒருத்தியே எழுதி, அடியில் ஐந்து பெயரையும் போட்டுவிடுவாள். யாராவது ஊருக்குப் போயிருந்தாலும் பெயர் விட்டுப்போகாது. பக்கத்துக் கட்டில்காரி அவள், என் உயிர்த்தோழி.

அந்த இதழின் வீரர்கள் எல்லோரும் ஒரே அச்சு. வெள்ளைத் தோல், அகன்ற மார்பு, முகமூடி. ஒரு கட்டத்தில் எனக்குப் பொறுக்கவில்லை. ‘பறக்கிறவர்கள் எங்கள் ஊர்ப் பக்கம் பறக்கவே மாட்டார்களா?’ என்று ஓவியருக்கு என் பெயரில் தனியாக எழுதினேன். அறையில் சொல்லவில்லை, சொன்னால் துரோகி என்பார்கள். அவர் பதில் போட்டார். கடலோர ஊர்ப் பெண் ஒருத்தியை நாயகியாக வரையப்போவதாகவும், பறக்கும்போது முக்காடு நழுவாமல் இருக்க என்ன செய்வீர்கள் என்றும் கேட்டிருந்தார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். காதுக்குக் கீழே இரண்டு பக்கமும் குண்டூசி குத்துங்கள் என்று எழுதினேன்.

குத்தியிருந்தார். உடைந்த வெண்ணாற்றுக் கரையைத் தோளால் தாங்கி நிற்கிறாள், காதடியில் குண்டூசி. அதைப் பார்த்து அழுதேன். காமிக்ஸைப் பார்த்து என்ன அழுகை என்றால் சொல்லத் தெரியாது. கறுப்பாக, என் மூக்கோடு, ஒருத்தி பறந்தாள். அவ்வளவுதான்.

அறையில் வேறு யாருக்கும் அவளைப் பிடிக்கவில்லை.

“நம்ம முகமூடிக்காரனோட பக்கத்தையெல்லாம் இவ தின்னுட்டாடி.”

“நல்லாத்தானே இருக்கா?” என்பேன்.

“ஏன், உனக்கு மச்சினி முறையா?” என்று சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன். உள்ளே எரியும்.

வாசகர் பக்கத்திலும் மாதாமாதம் வசவு. கடைசியில் ஓவியர் விலகுகிறார், சிங்கப்பூரில் கம்ப்யூட்டரில் கார்ட்டூன் செய்யும் வேலைக்குப் போகிறார் என்று அறிவிப்பு வந்தது. அத்தா லீவில் வந்திருந்ததால் அப்போது நான் ஊரில் இருந்தேன். ஊரே விமானம் ஏறிக்கொண்டிருந்த காலம், இவரும் போகிறாரே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

அடுத்த மாதம் விடுதிக்குத் திரும்பியபோது பக்கத்துக் கட்டில்காரி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். “நம்ம கார்டு போட்டுட்டாங்கடி!” என்று புது இதழை விரித்தாள். அத்தனை வருடத்தில் எங்கள் கார்டு அச்சேறியது அதுதான் முதல் தடவை.

‘ஓவியர் போவதில் எங்களுக்கு வருத்தமில்லை. முக்காட்டுக்காரியையும் கையோடு கூட்டிப்போகட்டும்.’ கீழே ஐந்து பெயர், கடைசியில் என் பெயர். அதற்கும் கீழே ஆசிரியரின் பதில்: ‘முஸ்லிம் சகோதரியே இப்படிச் சொல்லும்போது நாம் என்ன சொல்ல!’

“என் பேர ஏன்டி போட்ட?”

“நீ ஊருக்குப் போயிட்டன்னு உன்ன விட்டுட முடியுமா? எப்பவும் போடுறதுதானே. விட்டா நீதான் கோச்சுக்குவ.”

அவள் முகத்தில் துளிக் கள்ளம் இல்லை. இருந்திருந்தால் நன்றாகச் சண்டை போட்டு ஆறியிருப்பேன். அன்பாகத்தான் என் பெயரைச் சேர்த்திருக்கிறாள். அதை எங்கே கொண்டுபோய் அழுவது?

எஸ்டிடி பூத்துக்கு ஓடி இதழின் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். ஓவியரிடம் பேச வேண்டும் என்றேன்.

“அவர் போன வாரமே கிளம்பிட்டாருங்களே. விலாசம்லாம் ஒண்ணும் கொடுக்கல.”

“இந்த மாசம் வந்த கார்டு... விடுதிப் பொண்ணுங்க எழுதினது... அதப் பார்த்தாருங்களா?”

“பார்த்தாரே. நாங்கதான் காட்டினோம். கடைசிப் பேர்ல விரல வச்சு, ‘இந்தப் பொண்ணுமா?’ன்னு கேட்டாரு.”

“நான் எழுதலைங்க. சத்தியமா நான் எழுதலைங்க” என்றேன்.

“நீங்க யாருங்க?” என்றார் அவர்.